காதைப் பொத்தினால் திமிரு இல்லீங்க! ஆட்டிசம் உள்ளவர்களை சத்தம் படுத்தும் பாடு

தர்மபுரி:
தர்மபுரி பஸ் நிலையத்தில் சேலம் பஸ் ஏர்ஹாரன் அடிக்கிறது. "கிருஷ்ணகிரி, ஓசூர்" என்று கண்டக்டர் கத்துகிறார். டீக்கடையில் பாட்டு அலறுகிறது. இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குப் புரிகிறது. ஆனால் ஆட்டிசம் உள்ள பலருக்கு இது பெரும்பாடு.

25 வயது, 30 வயது ஆன ஆள்கூட திருவிழா மைக்செட் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். "காதுதான் நல்லா கேக்குதே, அப்புறம் என்ன திமிரு?" என்று வீட்டிலேயே திட்டு விழும். சிலருக்கு அடியும் விழும். ஆனால் இது திமிரும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

காதில் கோளாறு இல்லை

இவர்களில் பலருக்கு காது டெஸ்ட் எடுத்தால் 'நார்மல்' என்றே வரும். சத்தத்தை வாங்கி அனுப்புவது காது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது மூளை. பேன் ஓடும் சத்தம் கொஞ்ச நேரத்தில் நமக்குக் கேட்காமல் போகிறது அல்லவா? பழகிய சத்தத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கும் வேலை குறைவாக நடக்கிறது. பேன், ஹாரன், மிக்சி, பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்து உள்ளே வரும். தலை வெடிப்பது போல ஆகிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலர் கூப்பிட்டால்கூட திரும்ப மாட்டார்கள்.

'நான் கொரில்லா'

லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களை ஒரு உரையாடலை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். நடுவில் ஒருவர் "நான் கொரில்லா" என்று சொல்லிக்கொண்டே போனார். ஆட்டிசம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அதைக் கவனித்தனர். மற்றவர்களில் வெகு சிலரே கவனித்தனர். அதாவது இவர்களின் மூளை சத்தத்தைக் குறைவாக அல்ல, கூடுதலாகவே வாங்குகிறது.

என்ன செய்யலாம்?

* சத்தமான இடத்துக்குப் போகும் முன்பே சொல்லி வையுங்கள்.
* காதை மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் கேலி செய்யாதீர்கள்.
* பேசும்போது டி.வி.யை நிறுத்துங்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்.
* பதறும்போது அதட்டாமல், அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பெரியவர்களும் கேட்கலாம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000-ம் ஆண்டு விதிகளிலேயே தடை உண்டு. விழாக்காலத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் அரசு 12 மணி வரை தளர்த்தலாம். நமக்கு அது வெறும் சத்தம். அடுத்த வீட்டில் காதைப் பொத்தி உட்கார்ந்திருப்பவருக்கு அது வலி.