பழைய அணைக்கு யார் பணம் கொடுப்பது?

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குக் கட்டுரைக்கோ விவாதத்துக்கோ தலைப்பு தேடும்போது நாம் ஒரே வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம்: கைப்பேசி, தூய்மைக்கேடு, பகடிவதை. அவற்றை விட்டுக் கொஞ்சம் வெளியே வர நினைக்கும் ஆசிரியர்களுக்காக இந்தத் தலைப்பு. தனியார் கட்டிய ஒன்றைச் சரிசெய்யப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா? அமெரிக்காவின் பழைய அணைகளை வைத்து இதைப் பார்ப்போம்.

அங்கே பதிவேட்டில் உள்ள அணைகள் 90,000க்கும் மேல். அணை என்றதும் மாணவர்கள் மனத்தில் மலைபோன்ற கான்கிரீட் சுவர்தான் தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை சிறிய மண்ணணைகள். ஆலை ஓட்ட, பண்ணைக்கு நீர் தேக்க, கொஞ்சம் மின்சாரம் எடுக்க எனக் கட்டியவை. சராசரி வயது அறுபதைத் தொட்டுவிட்டது. பாதிக்கு மேல் தனியார் சொத்து. பல இடங்களில் ஆலை மூடிவிட்டது, கட்டியவரும் இல்லை. தண்ணீர் மட்டும் நிற்கிறது. பராமரிக்க வேண்டியவர் உரிமையாளர். ஆனால் உடைந்தால் அடிபடுவது கீழே குடியிருப்பவர்கள். செலவு ஒருவர் தலையில், ஆபத்து இன்னொருவர் தலையில். பொதுப்பணம் இந்த விஷயத்துக்குள் வருவதே இதனால்தான்.

ஒரு சொல்லை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம், மாணவர்கள் கட்டாயம் தடுமாறுவார்கள். அமெரிக்கப் பதிவேட்டில் 16,000க்கு மேற்பட்ட அணைகள் ‘உயர் அபாய’ வகையில் உள்ளன. கேட்டதும் அவை எல்லாம் விரிசல் விட்டு நிற்பதாகத் தோன்றும், இல்லையா? அப்படி இல்லை. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்பது மட்டுமே அதன் பொருள். நேற்றுக் கட்டிய உறுதியான அணையும் அந்த வகையில் வரலாம். அணையின் நிலை வேறு கணக்கு. இரண்டும் சேரும் இடம்தான், அதாவது நிலை மோசமாகவும் கீழே ஊர் இருப்பதாகவும் உள்ள இடம்தான், தூக்கத்தைக் கெடுப்பது.

மிச்சிகன் மாநிலத்து ஈடன்வில் அணை அப்படிப்பட்ட ஒன்று. 1920களில் கட்டிய மண்ணணை. மின்சாரம் எடுத்து விற்ற ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. பெருவெள்ளம் வந்தால் உபரிநீர் வெளியேறும் வழி போதாது என்று கூட்டரசின் எரிசக்தி ஆணையம் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. (உபரிநீர் வெளியேறும் அந்த அமைப்புக்குத் தமிழில் ‘கலிங்கு’ என்ற அழகான சொல் இருக்கே, வகுப்பில் பயன்படுத்துங்கள்.) வேலை நடக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஆணையம் உரிமத்தையே ரத்து செய்தது. சரியான தண்டனைதான் என்று தோன்றும். ஆனால் உரிமம் போனதும் மின் உற்பத்தி நின்றது. அதோடு வருமானமும் நின்றது. கண்காணிப்புப் பொறுப்பு மாநில அரசின் கைக்கு மாறியது. அணையை விலைக்கு வாங்கிப் பொதுச்சொத்தாக்கச் சுற்றுவட்டார மாவட்டங்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன.

அதற்குள் மழை முந்திக்கொண்டது. 2020 மே 19 அன்று கரையின் ஒரு பகுதி அப்படியே சரிந்தது. கீழே இருந்த சான்ஃபர்ட் அணையும் அந்த வெள்ளத்தில் போனது. ஏறக்குறைய 10,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பிறகு ஆராய்ந்த வல்லுநர் குழு சொன்னதைக் கவனியுங்கள்: தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து உடையவில்லை. ஏரி மட்டம் முன்பு எப்போதும் இல்லாத அளவு உயர்ந்ததும், கரைக்குள் இருந்த தளர்வான மணல் திடீரென வலுவிழந்து குழம்புபோல ஓடிவிட்டது. ஆண்டுக்கணக்கில் எல்லாரும் கலிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, பலவீனம் கரையிலும் இருந்திருக்கிறது.

அடுத்த மூன்று மாதங்களுக்குள் நிறுவனம் திவாலானதாக அறிவித்தது. பின்னர் மாநில அரசு அந்த ஆற்றின் அணைகளைச் சீரமைக்க 200 மில்லியன் டாலர் ஒதுக்கியது. மீதிச் செலவில் பெரும்பங்கு ஏரிக்கரை வீட்டுக்காரர்கள்மேல் சிறப்பு வரியாக விழுந்தது. அதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றமும் போனார்கள். ‘உடைத்தது நாங்களா?’ என்பது அவர்கள் வாதம். ஏரி இருப்பதால்தானே உங்கள் நிலத்துக்கு அந்த விலை என்று எதிர்ப்பக்கம் கேட்கலாம். எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

2021 நவம்பரில் வந்த கூட்டரசின் உள்கட்டமைப்புச் சட்டம் உயர் அபாய அணைகளுக்கான மானியத்துக்கு 585 மில்லியன் டாலர் ஒதுக்கியது. பெரிய தொகை என்று நினைக்கிறீர்களா? கூட்டரசுக்குச் சொந்தமில்லாத எல்லா அணைகளையும் சீர்செய்ய 157.5 பில்லியன் டாலர் வேண்டும் என்பது மாநில அணைப் பாதுகாப்பு அதிகாரிகள் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு. ஆயிரம் டாலர் தேவை என்றால் கையில் நான்கு டாலர்கூட இல்லை. அந்த மானியமும் செலவில் 65 விழுக்காடு வரைதான் தரும். 10 மில்லியன் டாலர் வேலை என்றால் உள்ளூரில் 3.5 மில்லியன் திரட்ட வேண்டும். சின்ன ஊர் எங்கே போகும்?

அந்த 585 மில்லியனில் 75 மில்லியன் அணைகளை இடித்து அகற்றுவதற்கு. பாதுகாப்புப் பணம் இடிப்புக்குப் போவது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். பயனில்லாத அணைக்கு நிரந்தரமான பழுதுபார்ப்பு அதை எடுத்துவிடுவதுதானே! இடித்தாலும் கட்டணம் யாருடையது என்ற கேள்வி விடாது. வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றின் இரண்டு அணைகளைக் கூட்டரசே விலைக்கு வாங்கி 2011 முதல் 2014 வரை அகற்றியது. சால்மன் மீன்கள் மீண்டும் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிப்போக வழி பிறந்தது. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024இல் அகற்றி முடித்தார்கள். ஒதுக்கிய 450 மில்லியன் டாலரில் 200 மில்லியன் மின்கட்டணத்தோடு சேர்த்து வாடிக்கையாளர்களிடம் வசூலித்தது. 250 மில்லியன் கலிஃபோர்னியா மாநிலக் கடன்பத்திரத்தில் வந்தது. மீன்கள் ஏறிச்செல்ல வசதி செய்து உரிமத்தைப் புதுப்பிப்பதைவிட இடிப்பதே மலிவு என்பதால் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

வகுப்பில் நடத்துவதானால் மாணவர்களை நான்கு குழுவாகப் பிரியுங்கள்: அணை உரிமையாளர், ஏரிக்கரை வீட்டுக்காரர், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வசிப்பவர், அந்த ஆற்றையே பார்த்திராத வரிசெலுத்துநர். 10 மில்லியன் டாலர் செலவை நால்வரும் எப்படிப் பங்கிடுவது என்று பேசவிடுங்கள். இருபது நிமிடம் கொடுத்தால் போதும். நான்காவது குழுவுக்கு நன்றாகப் பேசுகிற மாணவர்களைப் போடுங்கள், அவர்கள் பக்கம்தான் வாதம் கடினம்.