எல்லா புல்லட்டும் ஒரே புல்லட் இல்லை: பழைய வண்டிக்கு பார்ட்ஸ் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஊர் வீட்டில் பத்து வருடமாகச் சாக்கு போர்த்திக் கிடக்கும் தாத்தாவின் புல்லட்டை எடுத்து ஓட்டலாம் என்று ஒருநாள் ஆசை வரும். போனில் ‘புல்லட் 350 பிஸ்டன்’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ‘350’ என்றுதான் போட்டிருக்கும். விலை குறைந்த ஒன்றை ஆர்டர் போடுவீர்கள். பார்சலைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக், “இது வேற இன்ஜினோடது தம்பி” என்று திருப்பிக் கொடுப்பார்.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-ல் கைகோத்து, சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கின. அன்று முதல் டேங்க், முட்டைக்கண் போல இரண்டு சின்ன ‘டைகர் லேம்ப்’, மட்கார்டு என்று வெளித்தோற்றம் பெரிதாக மாறவே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் இன்ஜின் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டது. ‘எந்த வருஷ மாடல்?’ என்று கேட்பதைவிட ‘எந்த இன்ஜின்?’ என்று கேட்பதுதான் சரி.

மெக்கானிக்குகள் ‘சி.ஐ.’ என்று சொல்வது காஸ்ட் அயர்ன் இன்ஜின். 2000-களின் இறுதி வரை வந்தது இதுதான். இடையில் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அலுமினிய இன்ஜின், மச்சிஸ்மோ, தண்டர்பேர்டு போன்ற வண்டிகளில் வந்தது. அதன்பின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யு.சி.இ. வந்தது.

குழப்பமே இங்குதான். மூன்றிலும் 350-ன் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. அளவு ஒன்றாக இருப்பதால் மாற்றிப் போடலாம் என்று தோன்றும். போட முடியாது. பழைய சி.ஐ. இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 6.5-க்கு 1, யு.சி.இ.யில் 8.5-க்கு 1. பிஸ்டனின் வடிவமே வேறு. இப்போது ஷோரூமில் நிற்கும் புல்லட்டில் இருப்பது இன்னொரு தலைமுறை: 72-க்கு 85.8 மி.மீ., 349 சி.சி.

‘500-ன் பிளாக்கைத் தூக்கி 350-ல் மாட்டிடலாம் சார், பவர் அள்ளும்’ என்ற யோசனையும் அடிக்கடி வரும். பழைய 500-க்கும் ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ. என்பது உண்மை. ஆனால் பிஸ்டன் 84 மி.மீ. என்பதால், 350-ன் கிராங்க்கேஸ் வாயில் அந்த பிளாக் அப்படியே உட்காராது. கடைந்து உட்கார வைத்தாலும் ஆர்.சி. புக்கில் 346 சி.சி. என்றுதானே இருக்கும்?

ஃபிரிட்ஜ் காந்தம் போதும்

இன்ஜினை அடையாளம் காண ஒர்க்‌ஷாப் தேவையில்லை. முதலில் வண்டியின் வலது பக்கம் நின்று பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனிக் கூடுகளாகத் தெரிந்தால் அது யு.சி.இ. இல்லை. அடுத்து சி.ஐ.யா, ஏ.வி.எல்.லா? ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை சிலிண்டர் பிளாக்கின் துடுப்புகளில் வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் இரும்பு, அதாவது சி.ஐ. வழுக்கி விழுந்தால் அலுமினியம். ஹெட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சி.ஐ.யிலும் ஹெட் அலுமினியம்தான்.

வலது காலில் கியர் இருந்தால் பழசு, இடது காலில் இருந்தால் யு.சி.இ. என்று பலரும் சொல்வார்கள். இதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ‘எலக்ட்ரா 5எஸ்’ மாடலில் இன்ஜின் இரும்பு, ஆனால் ஐந்து கியர், அதுவும் இடது காலில். டேங்க் ஸ்டிக்கரோ கேட்கவே வேண்டாம். சில நூறு ரூபாயில் எந்த வண்டியையும் எந்த மாடலாகவும் ‘மாற்றிவிடலாம்’.

இன்ஜின் தெரிந்த பிறகும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட், பின்னால் வந்தவை 12 வோல்ட். பல்பு, ஹாரன், ரெகுலேட்டர் எல்லாம் அதைப் பொறுத்தவை. இக்னிஷன் பாயின்ட் செட்டா, எலக்ட்ரானிக்கா என்பதும் அப்படியே. பிஸ்டன் வாங்குமுன் பிளாக்கை ஏற்கெனவே எத்தனை முறை ரீபோர் செய்திருக்கிறார்கள் என்று அளந்தாக வேண்டும். ‘20 சைஸ்’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது சுமார் அரை மி.மீ. கூடுதல்.

போல்ட், நட் விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது. சி.ஐ. புல்லட்டில் பல இடங்களில் பழைய பிரிட்டிஷ் மரைதான். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. கிட்டத்தட்ட பொருந்துகிற மாதிரி இருக்கும் மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால், கிராங்க்கேஸின் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். பத்து ரூபாய் போல்ட்டை மிச்சம் பிடிக்கப்போய் கிராங்க்கேஸுக்கு வெல்டிங் வைக்கும் நிலைமை.

நம்பர் சொல்லும் கதை

புதுப்பேட்டையிலோ டெல்லி கரோல் பாக்கிலோ முழு இன்ஜினே செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய வண்டி வாங்கும்போதும் ஸ்டியரிங் ஹெட்டில் உள்ள சேசிஸ் எண்ணையும், பிளாக்குக்குக் கீழே கிராங்க்கேஸில் உள்ள இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டே தீர வேண்டும். 325 சி.சி. டீசல் ‘டாரஸ்’ஸில் பெட்ரோல் இன்ஜினை மாட்டி ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால், பதிவான ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறாக இருக்கலாம்.

1970-களின் நடுவில் வந்த புல்லட்டுகள் இப்போது 50 வயதைத் தொடுகின்றன. 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் என்றால் எடுக்கலாம். முக்கிய நிபந்தனை, சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. எனவே மெக்கானிக் கழற்றிப் போடும் பழைய பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், ஒரு பெட்டியில் போட்டு வீட்டிலேயே வைத்திருங்கள்.