மாற்று மூட்டு – 8: தலையணை எங்கே இருக்க வேண்டும்?

1990-ல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம், குமரி, நெல்லைப் பிள்ளைகள் பலரைக் கழக்கூட்டத்தில் குடியேற்றியது. முழங்கால் மாற்று அறுவை என்றால் அம்மாக்கள் திருவனந்தபுரத்துக்கு அந்தப் பிள்ளைகளை நம்பித்தான் வருகிறார்கள். மருத்துவமனையில் சில நாட்கள். பிறகு வலியைக் கவனிக்க வேண்டியது பிள்ளையின் வீடு. மாத்திரையோடு கூட அங்கே என்னென்ன செய்யலாம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் தலையணை. முழங்காலுக்கு அடியில் செருகினால் உடனே சுகம். மூட்டுக்குள் தேங்கிய நீரின் அழுத்தம், கால் சற்று மடங்கியிருக்கும்போது குறைகிறது. ஆனால் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் பின்தொடைத் தசையும் மூட்டின் உறையும் சுருங்கிவிடும். பிறகு கால் முழுதாக நீளாது. நீளாத காலோடு நடக்கையில் தொடைத்தசை ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக உழைக்கும், வலியும் விடாது. எனவே தலையணை குதிகாலுக்கு அடியில் வர வேண்டும். முழங்கால் தன் எடையிலேயே மெல்ல நிமிரும். முதலில் இழுக்கும், அம்மா முகம் சுளிப்பார். மனம் கேட்காமல் மகள் தலையணையை மேலே நகர்த்திவிடுவார். அந்தப் பாசம்தான் இங்கே ஆபத்து. வீட்டுக்கு அனுப்பும் முன் பிசியோதெரபிஸ்ட் இதைப் பிள்ளைகளையே செய்யவைத்துப் பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

நடைப்பயிற்சி முடிந்ததும் காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மருத்துவரைக் கேட்டே வைக்க வேண்டும்.

கேரளத்தில் இருந்துகொண்டு ஆயுர்வேத முறிவெண்ணெயும் கிழி ஒத்தடமும் நினைவுக்கு வராமல் இருக்குமா? அவற்றுக்கு இது நேரமில்லை. காயம் முழுதும் ஆறி, அறுவை செய்தவர் சரி என்று சொல்லும்வரை அதன்மேல் எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மறு அறுவை வரை போகும்.

முழங்கால் மாற்றுக்குப் பின் வலியைத் தணிக்கும் மருந்தில்லா முறைகள் பற்றிய 39 ஆய்வுகளை, மொத்தம் 2,391 நோயாளிகள், ஒன்றாகத் தொகுத்து 2017-ல் 'ஜாமா சர்ஜரி' இதழ் வெளியிட்டது. மின்தூண்டலும் அக்குபங்சரும் ஓபியாய்டு என்னும் வலுவான வலி மருந்தின் தேவையைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ செய்தன. ஐஸுக்குக் கிடைத்த சான்று மெலிந்தது. ஆனாலும் செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் நான் அதைக் கைவிடச் சொல்லமாட்டேன். காலைத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரத்தால் வலி குறையவில்லை. அதற்கு வாடகை கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை இன்னும் சில நாள் வீட்டுக்கு வரவழைக்கலாம்.

டென்ஸ் என்னும் சிறு மின்தூண்டல் கருவி, 1965-ல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த கருத்தை ஒட்டியது: தோலில் எழும் தொடு உணர்ச்சி, தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை மறிக்கிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதய மருத்துவர் ஒப்புதலின்றி இதைத் தொடக்கூடாது.

“மாத்திரை வேண்டாம் மக்களே, தாங்கிக்கிடுதேன்” என்கிற அம்மாக்களிடம் இவற்றை மாற்றாக நீட்டாதீர்கள். மருத்துவர் எழுதிய மாத்திரை உரிய நேரத்தில் உள்ளே போனால்தான் பயிற்சி செய்ய முடியும். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா, வலி தணிப்புக்காகப் பாடுபடுவது இதே திருவனந்தபுரத்திலிருந்துதான். அந்த ஊருக்கு வந்து தங்கி ஓர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ ஐஸை எடுத்து வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.