25 மணி 30 நிமிடம்!

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்த ஒருவர் பெங்களூர் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பேருந்தா, கர்நாடகப் பேருந்தா, ரயிலா, எது முதலில் வரும்? மூன்று கால அட்டவணைகளையும் கொடுத்தால் கணிப்பொறி திகைக்கும். தமிழில் ஓசூர், கன்னடத்தில் ஹொசூரு, ரயில்வே குறியீட்டில் எச்.எஸ்.ஆர்.ஏ. மூன்றும் ஒரே ஊர் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாதே!

அட்டவணைகளை எல்லாரும் ஒரே முறையில் எழுதினால் தொல்லை தீரும். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-இல் தொடங்கிய 'ஜி.டி.எஃப்.எஸ்.' அத்தகைய பொதுமுறை. இதில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. பேருந்து நிலையத்துக்கும் ரயிலடிக்கும் இடைத்தூரத்தை அதைக் கொண்டே கணக்கிடலாம்.

நேரம் எழுதுவதுதான் வேடிக்கை. இரவு 23:00-க்குக் கிளம்பும் பேருந்து நள்ளிரவு தாண்டி 1:30-க்குச் சேர்ந்தால் '25:30' என்று எழுத வேண்டும். இல்லையேல், கிளம்புமுன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணிப்பொறி கருதிவிடும்!