குஞ்சின் கால் கோணினால் தூக்கி எறியாதீர்கள்!

அடை வைத்த 12 முட்டைகளில் 10 பொரித்துவிட்டன. 21-ஆம் நாள் தாய்க்கோழி கூடையை விட்டு இறங்குகிறது. குஞ்சுகள் எல்லாம் அதன் பின்னால் ஓட, ஒன்று மட்டும் எழுந்து நிற்க முடியாமல் இரு கால்களையும் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு, வயிறு தரையில் பட நீந்துவது போலத் தவழ்கிறது. "நொண்டிக் குஞ்சு பிழைக்காது" என்று சொல்லி அதை எருக்குழிப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம்.

அந்தக் குஞ்சு பிழைக்கக் கூடியது. அதற்கு வேண்டியது ஒரு சாண் துணி நாடாவும், நாலைந்து நாள் பொறுமையும்தான். ஆனால் அந்த வைத்தியத்தை முதல் 2, 3 நாட்களுக்குள் செய்ய வேண்டும். குஞ்சின் எலும்பும் தசைநாரும் இளசாக இருக்கும்போது வளைத்த பக்கம் வளையும். ஒரு வாரம் கழிந்தால் கோணல் நிலைத்துவிடும்.

ஐந்தாறு கோழிகள் வைத்திருக்கும் வீட்டில் ஒரு குஞ்சு என்பது சிறிய கணக்கு அல்ல. அது பெட்டையாக வளர்ந்தால் வீட்டுக்கு முட்டை. சேவலாக வளர்ந்தால் ஒரு பண்டிகைச் செலவு. கோழிக் காசு பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்களின் கைக்காசு. ஆகவே கால் கோணிய குஞ்சைக் கண்டதும் தூக்கி எறியாமல், அது எந்த வயதில், எந்த விதமாகக் கோணியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எதை வீட்டிலேயே திருத்தலாம், எதை மருத்துவரிடம் காட்ட வேண்டும், எதைத் திருத்த முடியாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் வாரம்: கால் விரிதல்

பொரித்த ஓரிரு நாட்களில் கால்கள் பக்கவாட்டில் விரிந்து போவதற்கு முக்கியக் காரணம் வழுக்கும் தரை. சிமெண்டுத் தரை, பிளாஸ்டிக் தட்டு, அட்டைப்பெட்டி, விரித்த செய்தித்தாள் ஆகியவற்றில் பிஞ்சுக் கால்களுக்குப் பிடிப்புக் கிடைப்பதில்லை. எழுந்திருக்க முயலும் ஒவ்வொரு முறையும் கால்கள் வழுக்கி விரிந்து, அப்படியே பழகிவிடுகின்றன. பொரிப்பானில் வெப்பம் சரியாக இல்லாவிட்டாலும் இக்குறை வருவதுண்டு. கூடையில் வைக்கோல் மீது தாய்க்கோழி பொரித்த குஞ்சுகளில் இதை அதிகம் காண முடியாது.

இதைத் திருத்தும் முறை எளிது. அரை செ.மீ. அகலமுள்ள மெல்லிய பருத்தித் துணி நாடா அல்லது தடித்த கம்பளி நூல் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூல், ரப்பர் வளையம் இரண்டும் கூடவே கூடாது. அவை சதையை அறுத்து இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

ஒருவர் குஞ்சைக் கையில் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதன் இரு கால்களையும் நல்ல குஞ்சு நிற்பது போல உடலுக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டும். இரு கால்களுக்கும் இடையே உங்கள் பெருவிரல் அகலம், அதாவது சுமார் 2 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். பாதத்துக்கு மேலே, மூட்டுக்குக் கீழே, நாடாவை ஒரு காலில் சுற்றி, நடுவில் குறுக்கே கொண்டுவந்து, மறு காலில் சுற்றி, 8 என்ற எண்ணின் வடிவில் கட்டி முடிச்சிடுங்கள். முடிச்சுக்கு அடியில் ஒரு ஈர்க்குச்சி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள்.

கட்டியதும் குஞ்சு தடுமாறி விழும். அதைக் கண்டு கட்டை அவிழ்க்க வேண்டாம். பிடிப்புள்ள சாக்கின் மீது விட்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கையால் தூக்கி நிறுத்திவிடுங்கள். காலையும் மாலையும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பாதம் வீங்கியோ, நீலம் பாய்ந்தோ, சில்லென்றோ இருந்தால் உடனே தளர்த்திக் கட்ட வேண்டும். 2 நாள் கழித்து அவிழ்த்து நடக்கவிட்டுப் பாருங்கள். கால் மறுபடி விரிந்தால், குஞ்சின் வளர்ச்சிக்கு ஏற்பச் சற்று இடைவெளி கூட்டி மீண்டும் கட்டலாம். பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களில் கால் நேராகிவிடும்.

முதல் இரு வாரங்கள்: விரல் மடங்குதல்

சில குஞ்சுகளுக்குக் கால் நேராக இருக்கும். விரல்கள் மட்டும் உட்பக்கமாக, முஷ்டி மடக்கியது போலச் சுருண்டிருக்கும். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, முட்டைக்குள் இடநெருக்கத்தாலோ பொரிப்பானின் வெப்பக் குறைவாலோ ஓரிரு விரல்கள் வளைந்து பிறப்பது. இதற்குக் காகிதச் செருப்பு போதும். தடித்த அட்டையைக் குஞ்சின் பாத அளவுக்கு வெட்டி, முன்விரல் மூன்றையும் விரித்து, பின்விரலைப் பின்னோக்கி வைத்து, மருந்துக் கடையில் விற்கும் துணிப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட வேண்டும். அட்டை நனைந்தால் மாற்ற வேண்டும். 2, 3 நாளில் விரல்கள் நிமிர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, பி2 எனப்படும் ரிபோஃப்ளேவின் வைட்டமின் குறைவால் வருவது. இதில் இரு பாதங்களின் விரல்களும் சுருண்டு, குஞ்சு மூட்டின் மீது உட்கார்ந்து நகரும். தீனி எடுக்கும் ஆசை இருக்கும், நடக்க முடியாது. கால் நரம்பு பாதிக்கப்படுவதே காரணம். அரிசி, சோளம் போன்ற தானியங்களில் இந்த வைட்டமின் குறைவு. கூட்டில் அடைத்து வைத்துத் தானியம் மட்டும் போட்ட தாய்க்கோழியின் முட்டையிலும் இது குறைந்தே இருக்கும். காடு கரையில் மேய்ந்து கீரை, புழு பூச்சி, கரையான் தின்னும் கோழிகளுக்கு இந்தக் குறை அவ்வளவாக வராது.

இதற்குக் கால்நடை மருந்தகத்தில் பி வைட்டமின் கலந்த சொட்டு மருந்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். கலந்த நீரை வெயிலில் வைக்கக் கூடாது; வெளிச்சத்தில் இந்த வைட்டமின் அழிந்துவிடும். கூடவே, வேகவைத்துப் பொடியாக்கிய ஈரல், வெந்த முட்டை, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சிறிதளவு தீனியுடன் கலந்து கொடுக்கலாம். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சில நாட்களில் குணம் தெரியும். பல நாள் விட்டுவிட்டால் நரம்பு மீளாது.

2 முதல் 6 வாரம்: எலும்பும் தசைநாரும்

பிறந்தபோது நன்றாக ஓடிய குஞ்சு, மூன்றாவது நான்காவது வாரத்தில் நொண்டினால் தீனியையும் வெளிச்சத்தையும் சந்தேகிக்க வேண்டும். இருட்டறையில் அடைத்துக் குருணை மட்டும் போட்டு வளர்த்த குஞ்சுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், டி வைட்டமின் ஆகியவை குறைந்து எலும்பு கெட்டிப்படாமல் போகும். கால் வில்லாக வளையும். அலகை விரலால் அழுத்தினால் ரப்பர் போல வளையும். இதற்கு முதல் மருந்து இளவெயில். தினமும் காலையில் அரை மணி நேரம் குஞ்சுகளை வெளியே விடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது. தீனியைக் குஞ்சுத் தீவனமாக மாற்றுங்கள். சுண்ணாம்பு குறைவென்று எண்ணி, முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தையோ கிளிஞ்சலையோ குஞ்சுகளுக்கு அள்ளிப் போடாதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 சதத்துக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது 1 சதம் அளவே. மிஞ்சினால் அதுவே கால் கோணலுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் காரணமாகும்.

இந்த வயதில் வரும் மற்றொன்று, தசைநார் நழுவுதல். பின்னோக்கி மடங்கும் மூட்டை நாம் கோழியின் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது அதன் கணுக்கால். அந்த மூட்டின் பின்புறப் பள்ளத்தில் ஓடும் தசைநார் பக்கவாட்டில் நழுவினால் மூட்டு வீங்கித் தட்டையாகி, கால் வெளிப்புறமாகத் திருகிக்கொள்ளும். மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகளின் குறைவும், உடல் எடை வேகமாகக் கூடுவதும் இதற்குக் காரணங்கள். மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு. அரிசித் தவிட்டில் நிறைய உண்டு. நழுவிய அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் கொண்டுபோனால் தசைநாரை விரலால் தள்ளி இடத்தில் அமர்த்திக் கட்டிவிட முயலலாம். நாள் கடந்தால் பலன் அரிது. ஒன்றுக்கு வந்தால் மற்றக் குஞ்சுகளின் தீனியை உடனே திருத்துங்கள்.

2 மாதத்துக்கு மேல்: கட்டுப் போட்டுத் தீராதவை

வளர்ந்த விடைக்கோழி திடீரென்று ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிப் படுத்தால், அது கால் கோணல் அன்று. மேரக்ஸ் நோயாக இருக்கலாம். 1907-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த நோய் இது. நச்சுயிரியால் வருவது, மருந்து கிடையாது. பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் காப்பு. பண்ணையில் குஞ்சு வாங்கும்போது இந்த ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கால், இறக்கை செயலிழப்புடன் கழுத்து திருகுதலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சலும் இருந்தால் அது ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அந்தக் கோழியை உடனே பிரித்து வைத்து, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இதற்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் தவறாமல் போட வேண்டும்.

உடல் நன்றாக இருந்து நடை மட்டும் நொண்டினால், பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரலில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கலாம். சிறு கத்தரியால் வெட்டி எடுத்தால் போதும். அடிப்பாதம் வீங்கிக் கருப்புத் தழும்பு இருந்தால் சீழ்க்கட்டு. வெதுவெதுப்பான உப்புநீரில் 10 நிமிடம் பாதத்தை ஊறவைத்துத் துடைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக் கட்டுங்கள். வீக்கம் பெரிதாக இருந்தால் நீங்களே கீறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் செதில்கள் தூக்கிச் சுண்ணாம்பு பூசியது போலிருந்தால் செதிலுண்ணி. சோப்பு நீரில் கழுவி, சில நாட்களுக்கு ஒருமுறை வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிவந்தால் அடங்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கட்டுப் போட்ட குஞ்சின் பராமரிப்பு

கட்டு சரியாக இருந்தும் குஞ்சுகள் இறப்பதுண்டு. பசியும் தாகமும் குளிரும் மற்றக் குஞ்சுகளின் கொத்துமே காரணம். எனவே அதைத் தனிக் கூடையில் வைத்து, துணைக்குச் சாதுவான இன்னொரு குஞ்சையும் விடுங்கள். தனியாக விட்டால் கத்திக் கத்தியே சோர்ந்துவிடும். தீனியும் தண்ணீரும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரை ஆழமில்லாத மூடியில் வைத்து, அதில் சிறு கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தடுமாறும் குஞ்சு மூழ்கிவிடும். முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு தேவை. கூடையின் ஒரு மூலைக்கு மேல் பல்பைக் கட்டினால், சூடு வேண்டும்போது ஒதுங்கவும் வேண்டாதபோது விலகவும் முடியும். குஞ்சைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

வருமுன் காக்க

இத்தனையும் வராமல் தடுக்கும் வழிகள் செலவில்லாதவை. பொரிப்பானின் தட்டிலும் குஞ்சு விடும் இடத்திலும் முதல் நாலைந்து நாள் சணல் சாக்கை விரியுங்கள். பிறகு 5 செ.மீ. கனத்துக்கு உமி பரப்பலாம். செய்தித்தாளை விரிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அடை வைக்க முட்டை சேர்க்கும் நாட்களில் தாய்க்கோழியை மேயவிட்டுக் கீரையும் கொடுங்கள். குஞ்சுகளுக்குக் குருணையோடு நின்றுவிடாமல் தவிடு, கம்பு, கேழ்வரகு, கரையான் என்று பலவகைத் தீனி கொடுங்கள். தினமும் இளவெயில் படட்டும். பொரித்த 3 நாட்களும் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, கால்களைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது கைவிடுவது?

எல்லாக் குஞ்சும் தேறிவிடும் என்று சொல்வதற்கில்லை. 10 நாள் பார்த்தும் தானே தீனிக்கும் தண்ணீருக்கும் போக முடியாத, நாளுக்கு நாள் மெலிகிற குஞ்சைத் தவிக்கவிடுவது இரக்கமாகாது. மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். சற்றே நொண்டினாலும் தானே மேய்ந்து தின்னும் பெட்டை, நல்லபடியாக முட்டையிடும். அதைக் கழிக்க வேண்டியதில்லை. நொண்டும் சேவல் மட்டும் இனவிருத்திக்கு ஆகாது. ஒரே தாய்க்கோழியின் குஞ்சுகள், தரையும் தீனியும் சரியாக இருந்தும், அடுத்தடுத்த ஈட்டில் கால் கோணிப் பிறந்தால் அதன் முட்டையை அடை வைக்காமல் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பஞ்சாரத்தைத் திறக்கும்போது ஒரு குஞ்சு தவழ்ந்தால், எருக்குழியை நோக்கிப் போகும் முன் அதன் கால்களை ஒருமுறை நேராக்கிப் பாருங்கள். அவை உங்கள் விரல்களுக்கு வளைந்து கொடுத்தால், அன்றைக்கே நாடாவை எடுத்துக் கட்டிவிடுங்கள்.