கதவைத் தாழிடாத இசைக்குழு

பிரிவும் சேர்க்கையுமாக டுரான் டுரான் நடந்து வந்த நெடும்பாதை

1985 ஜூலை 13. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் எஃப். கென்னடி மைதானம் நிரம்பி வழிகிறது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடக்கும் 'லைவ் எய்ட்' கச்சேரி அது. மேடையில் டுரான் டுரான் குழுவின் ஐந்து இளைஞர்கள். ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அவர்கள் செய்த 'எ வியூ டு எ கில்' அந்த வாரம் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பாடும்போது, உச்ச ஸ்தாயியை எட்டிப் பிடிக்கப் போன சைமன் லெ பானின் குரல் உடைந்தது. உலகமே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கச்சேரி என்றதும் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்த ஒரு பிசிறுதான்.

அந்த ஐந்து பேரும் மறுபடி ஒரே மேடையில் நிற்க 18 ஆண்டுகள் ஆயின.

இடையில் ஒருவர் கிராமத்துக்குப் போனார். ஒருவர் தனியாகப் பாடப் போனார். குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரே விலகினார். புதியவர்கள் வந்தார்கள், நிலைத்தார்கள், போனார்கள். பெயர் மட்டும் ஒரு நாளும் அழியவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தும் ஒரு குழு எப்படி அதே குழுவாக இருக்கிறது? டுரான் டுரானின் வரலாற்றைத் திரும்பப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை இதுதான்: போனவர் முகத்தில் அவர்கள் கதவைச் சாத்தவில்லை, போனவர் வரட்டும் என்று வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவும் இல்லை.

பகலில் ஒத்திகை, இரவில் எடுபிடி வேலை

1978இல், கார்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன பர்மிங்காம் நகரில் நிக் ரோட்ஸும் ஜான் டெய்லரும் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். நிக்குக்கு 16 வயது, ஜானுக்கு 18. 'பார்பரெல்லா' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தில் வரும் விஞ்ஞானியின் பெயரைக் கொஞ்சம் மாற்றிக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். நிக் சிந்தசைசர் வாசித்தார், ஜான் கிதார், பாட ஸ்டீபன் டஃபி. டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை. தாளத்துக்கு ஒரு சின்ன இயந்திரம்.

அடுத்த ஆண்டே டஃபி போய்விட்டார். அவர் இடத்துக்குப் பாடகர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ரோஜர் டெய்லர் டிரம்ஸுக்கு வந்தார். ஜான் கிதாரை வைத்துவிட்டு பாஸ் கிதாரை எடுத்தார். 1980இல் 'மெலடி மேக்கர்' இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, நியூகாசில் பக்கத்திலிருந்து ஆண்டி டெய்லர் கிதாரோடு வந்து சேர்ந்தார். இப்படி ஒரே குழுவில் மூன்று டெய்லர்கள். மூவருக்கும் எந்த உறவும் கிடையாது.

பிராட் தெருவில் இருந்த 'ரம் ரன்னர்' என்ற இரவு விடுதிதான் அவர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம். பகலில் அங்கேயே ஒத்திகை. இரவானால் ஆளுக்கொரு வேலை: நிக் இசைத்தட்டு போடுவார், ஆண்டி அடுப்படியில் நிற்பார், ரோஜர் மேசை மேசையாகக் காலிக் கோப்பைகளைப் பொறுக்குவார், ஜான் வாசலில் நிற்பார். அந்த விடுதியில் வேலை பார்த்த ஒரு பெண், தனக்குத் தெரிந்த ஒரு நாடக மாணவரை அவர்களிடம் அனுப்பிவைத்தார். இளஞ்சிவப்பில் சிறுத்தைப் புள்ளி போட்ட கால்சட்டை, கையில் தான் எழுதிய கவிதைகள் நிறைந்த நோட்டு. அப்படி வந்தவர்தான் சைமன் லெ பான்.

அந்த நாட்களிலேயே அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். பாட்டு யார் மனதில் முதலில் உதித்திருந்தாலும் அதன் கீழே ஐந்து பெயர். வரும் பணத்திலும் ஐந்து சம பங்கு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பாப் உலகில் நண்பர்கள் பகைவர்களானதற்குப் பெரும்பாலும் இந்த இடம்தான் காரணம். பாட்டெழுதியவருக்கு ஆயுளுக்கும் உரிமைத்தொகை வரும். கூடவே உட்கார்ந்து தாளம் போட்டவருக்கு அதில் ஒரு காசும் வராது. பத்து ஆண்டு கழித்து ஒருவர் மாளிகையிலும் மற்றவர் வாடகை வீட்டிலும் இருந்தால், பழைய நட்பு எங்கே நிற்கும்? இந்தக் குழுவில் போனவர்கள் களைப்பாலும் மனக்கசப்பாலும் போயிருக்கலாம். ஆனால் 'என் பாட்டைத் திருடிக்கொண்டார்கள்' என்ற புண்ணோடு அந்த ஐவரில் யாரும் போகவில்லை. ஆற முடியாத புண் இல்லாததால்தான் திரும்பி வர வழி இருந்தது.

ஐந்து கைகள், ஒரு பாட்டு

1982இல் வந்த 'ரியோ' ஆல்பத்தின் முதல் பாட்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் உலோகம் சிணுங்குவது போல, ஆனால் பின்னோக்கி உறிஞ்சப்படுவது போல ஒரு ஓசை வரும். பெரிய பியானோவின் மூடியைத் திறந்து, தந்திகள் மேல் உலோகக் கம்பிகளைப் போட்டு, அந்த ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி நிக் உண்டாக்கிய ஓசை அது. பிறகு சிந்தசைசர் குமிழியிடத் தொடங்கும். அதன் அடியில் ஜானின் பாஸ் கிதார் ஒரு நொடி நிற்காமல் ஓடும். ரோஜரின் தாளம் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ஆண்டியின் ராக் கிதார் குறுக்கே வெட்டும். எல்லாவற்றின் மேலும் சைமனின் குரல். பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் ஆவேசமும், நடனக் குழுவான ஷீக்கின் துள்ளலும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இந்தப் பாட்டில் அது கைகூடியது.

அதே ஆண்டு இலங்கைக்கு வந்தார்கள். இயக்குநர் ரஸ்ஸல் மல்கேயுடன் அங்கே படமாக்கிய காணொளிகளில் ஒன்று 'சேவ் எ ப்ரேயர்'. சிகிரியாக் குன்றும் பொலன்னறுவையின் கல் புத்தரும் அதில் வருகின்றன. 1981இல் தொடங்கிய எம்டிவிக்கு இப்படிப்பட்ட காட்சிகள் தேவைப்பட்டன. டுரான் டுரான் அமெரிக்காவின் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தப் பயணத்தில் தொற்றிய நோயால் ஆண்டி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. புகழும் உடல் நலிவும் சேர்ந்தே வரத் தொடங்கிய காலம் அது.

வீடு இரண்டானது

1985இல் குழு இரண்டு கிளையாகியிருந்தது. ஜானும் ஆண்டியும் பாடகர் ராபர்ட் பாமருடன் சேர்ந்து 'பவர் ஸ்டேஷன்' தொடங்கினார்கள். சைமன், நிக், ரோஜர் மூவரும் 'ஆர்கேடியா'. லைவ் எய்ட் மேடையில் ஒன்றாக நின்ற ஐவரும் இப்படி இரண்டு வீட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

அடுத்த ஆண்டு ரோஜர் விலகினார். கூட்டமும் கூச்சலும் அவரைச் சக்கையாகப் பிழிந்திருந்தன. நாட்டுப்புறத்து வாழ்க்கையைத் தேடிப் போனார். ஆண்டியும் தன் வழியே போனார். மிஞ்சிய மூவர் ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'நொட்டோரியஸ்' ஆல்பத்தை முடித்தார்கள். அப்போது கிதாரோடு உள்ளே வந்தவர் வாரன் குக்குருல்லோ. ஃபிராங்க் ஸப்பாவிடம் வாசித்துத் தேர்ந்த அமெரிக்கர். சில ஆண்டுகளில் குழுவின் முழு உறுப்பினரும் ஆனார்.

1990இல் வந்த 'லிபர்டி' எடுபடவில்லை. டுரான் டுரானின் காலம் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களை விட்டுவிட்டு, லண்டனில் வாரனின் வீட்டிலேயே கருவிகளை வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அங்கே உருவானதுதான் 'ஆர்டினரி வேர்ல்டு'. இறந்துபோன நண்பரின் நினைவில் சைமன் எழுதியது. 1993இல் அமெரிக்காவில் மூன்றாம் இடத்தையும் பிரிட்டனில் ஆறாம் இடத்தையும் அது தொட்டது. பழைய ரசிகர்கள் 'அசல் ஐவர்' என்று உருகுவார்கள். அந்த உருக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்களின் மிக ஆழமான பாட்டை உண்டாக்கியவர்கள் அந்த ஐவரில் மூவரும் புதிதாக வந்த ஒருவரும். அதன் தொடக்கத்தில் வரும் கிதார், வாரனின் விரல்களிலிருந்து வந்தது. ஐவரும் சேரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திருக்காது.

1997இல் ஜானும் விலகினார். அந்த ஆண்டு மூவராகச் செய்து முடித்த ஆல்பம் சொந்த நாடான பிரிட்டனில் அப்போது வெளிவரக்கூட இல்லை. 1978இல் தொடங்கியவர்களில் நிக் ஒருவரே மிஞ்சினார்.

திரும்பி வந்தவர்கள்

2001இல் வாரன் விலகி, தன் பழைய 'மிஸ்ஸிங் பெர்சன்ஸ்' தோழர்களோடு சேர்ந்தார். ஜான், ரோஜர், ஆண்டி மூவரும் திரும்பினார்கள். பெரிய அறிவிப்போடு பழைய பாட்டுகளைப் பாடிச் சுற்றியிருந்தால் உடனே பணம் வந்திருக்கும். அவர்கள் முதலில் செய்தது வேறு. பிரான்ஸின் தெற்குக் கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் புதுப் பாட்டு எழுத உட்கார்ந்தார்கள். எந்த இசை நிறுவனத்தின் ஒப்பந்தமும் கையில் இல்லை. பிறகு ஒலிப்பதிவுக்கும் சொந்தப் பணத்தையே செலவழித்தார்கள். நிறுவனங்கள் தயங்கியபோது, ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மேடையேறிக் காட்டினார்கள். 2003 ஜூலையில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஐவரும் வாசித்தார்கள். 2004இல் 'ஆஸ்ட்ரனாட்' ஆல்பம் வந்தது. பிரிட்டனில் மூன்றாம் இடம்.

முதல் பாடகர் டஃபியும் அந்நியமாகிவிடவில்லை. 1970களின் கடைசியில் தாங்கள் செய்து, வெளிவராமலே கிடந்த பாட்டுகளை நிக்கும் அவரும் மறுபடி எடுத்து, 2002இல் 'தி டெவில்ஸ்' என்ற பெயரில் ஒரு ஆல்பமாகவே கொண்டுவந்தார்கள்.

2006இல் ஆண்டி மீண்டும் விலகினார். அவரோடு செய்த ஆல்பத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, புதிதாக இன்னொன்றைத் தொடங்கினார்கள். டாம் பிரவுன் கிதார் எடுத்தார். 2021இல் வந்த ஆல்பத்தில் பிளர் குழுவின் கிரஹாம் காக்ஸன் வாசித்தார். இருக்கை காலியாக இருந்ததே இல்லை.

ஒரு கடிதம்

2022 ஜூலை 28 அன்று, தாங்கள் பிறந்த பர்மிங்காமில் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் வாசித்தார்கள். நவம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் 'ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைத்தது. பட்டியலில் விலகிப்போன ஆண்டியின் பெயரும் இருந்தது, வாரனின் பெயரும் இருந்தது.

அன்று ஆண்டியும் வந்து வாசிப்பார் என்றுதான் ரசிகர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். அவர் வரவில்லை, கடிதம் வந்தது. புராஸ்டேட் புற்றுநோய், நான்காம் நிலை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மேடையில் அதைப் படித்தவர் சைமன். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால் உலகத்தின் முன் குரல் உடைந்து நின்ற அதே மனிதர், கூட நின்ற நண்பனின் வார்த்தைகளை இப்போது தன் குரலில் சொன்னார்.

அதோடு முடியவில்லை. 2023 அக்டோபரில் 'டான்ஸ் மக்காப்ர்' ஆல்பம் வந்தது. அதில் ஆண்டி கிதார் வாசித்திருக்கிறார். வாரனும் வாசித்திருக்கிறார். ஒருவர் எழுந்து போன இடத்தில் வந்து அமர்ந்தவர் மற்றவர். பிறகு இவர் எழுந்துகொள்ள, அவர் திரும்பி வந்தார். ஒரே இருக்கையில் மாறி மாறி அமர்ந்த அந்த இருவரின் கிதாரும் இப்போது ஒரே ஆல்பத்தில் கேட்கின்றன.