வரிசையில் நிற்க முடியாத பிள்ளையும் பொழுதுபோக்குப் பூங்காவும்

பெருநாளுக்கு மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழ்புத்துப்பட்டு, மரக்காணம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வேன்கள் வடக்கே போகும். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, அதைத் தாண்டினால் வி.ஜி.பி. அந்த வேனில் ஏறாமல் வீட்டிலேயே தங்கிவிடும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அப்படி ஒரு தாய் சென்ற பெருநாளுக்குப் பிறகு என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இவனை இனி எங்கேயும் கூட்டிட்டுப் போகாம இருந்துட்டா எனக்குக் குத்தமாகுமா?"

அவருடைய மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். முந்தைய ஆண்டு ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ராட்டின வரிசையில் அரை மணி நேரம் கழிந்ததும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். "பிள்ளை வளர்த்த லட்சணம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவர் நம் சமுதாயத்தவர் என்பதை அந்தத் தாய் தயங்கித்தான் சொன்னார்.

இது அடம் அல்ல, ஜின் கோளாறும் அல்ல. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஒலிபெருக்கிச் சத்தம் இத்தகைய பிள்ளைகள் பலருக்கு வலியாகவே இருக்கும். அடுத்து என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரியாத காத்திருப்பு அதைவிடக் கடினம். ராட்டினத்தில் சிரித்துக்கொண்டே சுற்றக்கூடிய பிள்ளை, அதற்கான வரிசையில்தான் உடைந்துபோகிறான்.

அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் இதைப் புரிந்துகொண்டு 2013-இல் ஓர் ஏற்பாடு செய்தன. ஆட்டிசம் போன்ற காரணங்களால் வரிசையில் நிற்க இயலாதவர் பதிவு செய்துகொண்டால், திரும்பி வர வேண்டிய நேரம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம். அடுத்தவர் முறையை இவர் பறிப்பதில்லை. காத்திருக்கும் இடம் மட்டுமே மாறுகிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு தந்தை, மாற்றுத்திறனாளியான தம் மகளின் பெயரிலேயே 'மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்ற பூங்காவை 2010-இல் திறந்தார். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதற்கான அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு முன்கூட்டியே போன் செய்து, "வரிசைக்கு வெளியே காத்திருக்க விடுவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. இன்னொன்று: நாம் டிக்கெட் எடுக்கும் முட்டுக்காட்டிலேயே, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனமும் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் வேன்கள் போகின்றன. நம்மில் பலர் அதன் பெயர்ப்பலகையைக்கூடப் படித்ததில்லை.

போகிறவர்கள் பெருநாள் கூட்டத்தைத் தவிர்த்து, பள்ளிக்கூடம் நடக்கும் மாதத்தில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். பூங்காவின் படங்களையும் வீடியோக்களையும் ஒரு வாரம் முன்பிருந்தே பிள்ளைக்குக் காட்டுங்கள். காதை மூடும் ஹெட்போன், அவன் வழக்கமாகச் சாப்பிடும் உணவு இரண்டையும் மறக்க வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளையாக இருந்தால் சுழலும் ராட்டினத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இத்தகைய பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போய்விடுவார்கள். பல பூங்காக்களில் நைலான் உடை இல்லாமல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். புர்கா அணிந்த தாய் கரையிலேயே நிற்க வேண்டிவரும். எனவே தந்தையோ மாமாவோ கை எட்டும் தூரத்தில் கூடவே இறங்க வேண்டும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். இங்கிருந்து முட்டுக்காடு பயணத் தொலைவில் வருவதால் கஸ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழலாம்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். போகாவிட்டால் குற்றமில்லை, பிள்ளைக்குத் தாங்காது என்று தெரிந்தால் போகாமலிருப்பதே சரி. ஆனால் பிறர் பார்வைக்குப் பயந்து அவனை வீட்டில் பூட்டிவைக்க வேண்டியதில்லை. தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தை அழும் சத்தம் கேட்டதும் அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தொழுகை ஸஃப்பே ஒரு குழந்தைக்காக விட்டுக்கொடுத்திருக்கும்போது, ராட்டின வரிசை விட்டுக்கொடுக்கக் கூடாதா? அன்று "லட்சணம்" என்று பேசியவரிடம்தான் இதைக் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவர்கள் மறுபடியும் போய் வந்தார்கள். பையன் குட்டி ரயிலில் மட்டும் மூன்று முறை ஏறினானாம். வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பகல் இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். "டிக்கெட் காசு வீண்தான் ஹஜ்ரத்" என்று சிரித்தார் அவன் வாப்பா.